பென்ட்டின் மூன்று தொட்டிகள்

1

நான் டென்மார்க்குக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் இந்தக் கிழமையோடு நிறைகின்றன. ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளை நான் மறந்தாலும் மன்னாரிலிருந்து அம்மா மறக்கமாட்டார். தொலைபேசி எடுத்துச் சுகம் விசாரிப்பார். பிள்ளை தமிழ் கதைக்கிறாளா என்று கேட்பார். கடைசியாக அந்தக் கேள்வி வரும்.

"ஆரிட்டயும் தலைகுனியாம இருக்கிறியோ பிள்ளை?"

"ஓம் அம்மா" என்பேன். எட்டு ஆண்டுகளாகச் சொல்லி வந்த அந்த "ஓம்" இந்த ஆண்டும் வாயிலிருந்து வந்துவிட்டது. தொலைபேசியை வைத்த பிறகுதான் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் வங்கியில் பெருவிரலை மையில் தோய்ப்பவர்கள். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தேன். இங்கே வந்து டேனிஷ் மொழிப் பரீட்சையை முதல் தடவையிலேயே முடித்தேன். பராமரிப்புப் பணிக்கான படிப்பையும் முடித்தேன். நான் படித்தவள் என்பதை யாரும் மறந்துவிடாதபடி நடந்துகொள்வது என் குணம். என் கணவர் அன்ரன் அதை அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். "ஜெசிந்தாவிட்ட நேரம் கேட்டாலும் சான்றிதழோடதான் சொல்லுவாள்" என்பார்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு எழுதினால் பனியைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் எழுதுவார்கள். நான் எழுத வந்தது மூன்று செடித் தொட்டிகளைப் பற்றி.

2

எனக்கு ஒடென்சேயில் வேலை. கொமூன், அதாவது நகரசபை, எங்களை முதியவர்களின் வீடுகளுக்கும் நோயாளிகளின் வீடுகளுக்கும் அனுப்பும். சைக்கிளில் போவோம். ஒரு வீட்டில் மருந்து கொடுப்பது, இன்னொரு வீட்டில் குளிக்க வார்ப்பது, மற்றதில் சாப்பாடு சூடாக்குவது. யார் வீட்டில் எவ்வளவு நேரம் என்பதைக் கைபேசி சொல்லும். நேரம் முடிந்தால் அது சிவப்பாகும்.

இந்தக் கோடையில் எனக்கு மாலை வேலை. அந்தப் பாதையில் இருந்தவர்தான் பென்ட். முன்பு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வேலை செய்தவர். நரம்பு நோய் வந்து கால்கள் இறுகிவிட்டன. காலையில் மருந்தோடு ஓரளவு நடமாடுவார். மாலையானால் இரண்டு காலும் மரக்கட்டை. சில நேரம் அந்தக் கட்டைகள் தாமாகவே துள்ளும். துள்ளும்போது கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். சத்தம் போடமாட்டார். வீக்கத்துக்காக அவர் அணியும் இறுக்கமான நீளக் காலுறைகளை மாலையில் கழற்றிவிடுவது என் வேலை.

முதல் நாள் நான் அவரை ஊர் வழக்கத்தில் "ஐயா" என்கிற மரியாதையோடு குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார்.

"என் அப்பா இறந்து முப்பது வருடமாகிறது. நீ யாரைக் கூப்பிட்டாய்?" என்றார். "நான் பென்ட்."

இந்த நாட்டில் அரச குடும்பத்தைத் தவிர எல்லோரும் "நீ"தான். அது எனக்குப் பழக நெடுநாள் எடுத்தது.

ஆனி மாதக் கடைசியில் ஒரு மாலை, காலுறையைக் கழற்றி முடித்ததும் பென்ட் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பின்பக்கம் என் மூன்று பெண்கள் நிற்கிறார்கள். உள்ளே கொண்டுவந்து விடுவாயா?"

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வேலி மறைவில் மூன்று பெரிய தொட்டிகள். ஒவ்வொன்றிலும் இடுப்பளவு செடி. விரல் விரித்த இலைகள், நுனியெல்லாம் வெள்ளை நூல் நூலாகப் பூ. மணம் மட்டும் ஒரு மாதிரி. காய்ந்த துளசியும் மண்ணெண்ணெயும் கலந்தது போல.

அவற்றை இரண்டு படி ஏற்றி, சலவை இயந்திரம் இருக்கும் ஜன்னலில்லாத அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. காலையில் படியால் இறக்குவதை அவரே எப்படியோ செய்துவிடுவார். மாலையில் ஏற்றத்தான் முடிவதில்லை.

"நல்ல வெயில் நிற்கிறதே, ஏன் இப்போதே உள்ளே?" என்று கேட்டேன்.

"இது இரவு நீளமாக இருந்தால்தான் பூக்கும் செடி. முதலில் அந்த அறையில் விளக்கு வைத்துப் பூக்க வைத்தேன். ஆனால் விளக்கு வெயிலாகுமா? அதனால் பகலில் வெளியே விடுகிறேன். எங்கள் கோடையில் இரவு எங்கே இருக்கிறது? ஆகவே வீட்டுக்குள் இவர்களுக்கென்று ஒரு இரவு வைத்திருக்கிறேன்" என்று கண்ணைச் சிமிட்டினார்.

பொழுதுபட்ட பிறகு பூச்செடியைத் தொடக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ஆனால் அங்கே பொழுது படவே இல்லை. வேலித் தலைப்பில் வெயில் எரிந்தது. மூன்றையும் தூக்கி வைத்தேன். கைபேசி சிவப்பானது. ஆனாலும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அடுத்த நாளும் தூக்கினேன். ஒரு கிழமைக்கு மேல் அப்படிப் போனது.

3

எனக்கு அது என்ன செடி என்று தெரியாது. இதைச் சொன்னால் இங்கே யாரும் நம்பமாட்டார்கள். அந்த இலையை இந்த நாட்டில் தொப்பியில், பையில், பிள்ளைகளின் காலுறையில்கூட அச்சடித்து விற்பார்கள். நான் அதையெல்லாம் மரவள்ளி இலை என்றே நினைத்திருந்தேன். மரவள்ளியை இவர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று ஒருமுறை யோசித்தும் இருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியை அணைத்தபடி படம் எடுத்து வீட்டுக் குழுவில் போட்டேன். கொமூன் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, இடுப்பில் பிள்ளையைப் போலச் செடி. "இங்கத்தை மரவள்ளி, வடிவா இருக்கு என்ன?" என்று கீழே எழுதினேன்.

என் தம்பி யூட் கடலுக்குப் போகிறவன். உடனே அழைத்தான்.

"அக்கா, உது ஆற்ற வளவு?"

"நான் வேலைக்குப் போற ஒரு ஐயா வீடு. ஏன்?"

மறுமுனையில் சிரிப்பு நிற்கவில்லை. "மரவள்ளியோ! ஏ.எல். படிச்ச அக்கா எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறம். அக்கா, உது கஞ்சா! எங்கட கரையில காஞ்சு பொதி பொதியா ஒதுங்கிறதைத்தான் பாத்திருக்கிறன். பச்சையா, உயிரோட இப்பதான் பாக்கிறன்."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "என்னவாமடா? பிள்ளை என்னத்தை நட்டிருக்கிறாளாம்?"

"மரவள்ளியாம் அம்மா."

"கிழங்கை அவிச்சுச் சாப்பிடச் சொல்லு. எந்த நேரமும் பாணைத் தின்னுறாள்."

யூட் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, படத்தை அழி. எல்லாற்ற போனிலயும் இருந்தும் அழி. இஞ்ச ஒரு பொட்டலத்துக்குப் பின்வளவுப் பெடியனைப் பிடிச்சவங்கள், இன்னும் விடேல்ல. அங்க எப்பிடியோ தெரியாது."

அங்கே எப்படி என்று எனக்குத் தெரியும். குடியுரிமைக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். பரீட்சைகள், வேலைச் சான்றுகள், எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று மனச்சாட்சிப்படி போட்ட கையெழுத்து, எல்லாம் கொடுத்தாகிவிட்டது. பெரிய அபராதம் ஒன்று விழுந்தாலே ஆண்டுக்கணக்கில் பின்னால் தள்ளுவார்கள். வீட்டில் கஞ்சா வளர்ப்பது இங்கே குற்றம். நோயாளிக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் கஞ்சா மருந்து உண்டு. பென்ட்டுக்கும் ஒரு காலம் எழுதிக் கொடுத்தார்கள். அந்த டாக்டர் ஓய்வு பெற்றார், அடுத்தவர் எழுத மறுத்தார். இதை அவரே ஒருநாள் சொன்னபோது எந்த மருந்தைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியிருக்கவில்லை.

அவர் என்னை ஏமாற்றவில்லை. தெரிந்துதான் தூக்குகிறேன் என்று நினைத்திருக்கிறார். இந்த ஊரில் அந்த இலையைத் தெரியாதவள் இருப்பாள் என்று அவர் எப்படி நினைப்பார்?

4

அடுத்த மாலை அவர் வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது என்ன சொல்வதென்று வழிநெடுக யோசித்தேன். "பென்ட், எனக்குப் பயமாக இருக்கிறது. என் குடியுரிமை விண்ணப்பம் போய்க்கொண்டிருக்கிறது." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. டேனிஷில் இரண்டு சின்ன வசனம். எனக்கு இலக்கணப் பிழையில்லாமல் வரும்.

ஆனால் பயம் என்ற சொல் எனக்கு வரவில்லை. அந்த வீட்டில் நான் வேலை தெரிந்தவள். அவருடைய மருந்துகளின் பெயர் எனக்குத் தெரியும். அவர் காலைத் தூக்கிப் பிடிப்பவள் நான். ஒன்பது ஆண்டுகள் இங்கே இருந்தும், ஒரு செடித் தொட்டி என்னை வாசலுக்கு வெளியே தள்ளிவிடலாம் என்று அவரிடம் சொல்ல மனம் இடம் கொடுக்கவில்லை.

காலுறையைக் கழற்றி மடித்து வைத்தேன். அவர் பின்கதவைப் பார்த்தார். நான் இடுப்பில் கை வைத்தேன்.

"இன்றைக்கு முடியாது பென்ட். முதுகு பிடித்துக்கொண்டது. தூக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார்."

அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ, என் தொட்டிகளாலா?"

"இல்லை, இல்லை. வீட்டில் வேலை செய்யும்போது."

"இரு, இரு" என்று கதிரையைப் பிடித்து எழும்பினார். மாலை நேரத்தில் அவர் எழும்பி நான் பார்த்ததே இல்லை. சுவரைத் தடவித் தடவிப் படுக்கையறைக்குப் போய், சூடாக்கி வைக்கும் கோதுமைப் பை ஒன்றைக் கொண்டுவந்தார். "இதை வைத்துக்கொள். எனக்கு இன்னொன்று இருக்கிறது."

வாங்கினேன். வாங்காமல் விட்டால் பொய் தெரிந்துவிடுமே என்று வாங்கினேன்.

தொட்டிகள் அன்று வெளியே நின்றன. வெயிலும் நின்றது.

5

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் கதவைத் திறந்ததும் அவர் முதல் கேள்வி "முதுகு எப்படி?" என்பதாகவே இருந்தது. "இன்னும் வலிக்கிறது" என்பேன். "சரி, அவசரப்படாதே" என்பார். ஒரு மனிதரின் மரியாதை அது என்று எடுத்துக்கொண்டேன்.

காலுறை கழற்றும் இடத்திலிருந்து கண்ணாடிக் கதவு வழியாகத் தொட்டிகள் தெரியும். பார்க்கக் கூடாதென்று நினைத்தாலும் கண் போகும். வெள்ளை நூல்கள் பழுப்பாகின. பிறகு பூக்களின் நடுவிலிருந்து பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. விரல் விரியாத, ஒற்றை ஒற்றையான, வட்ட இலைகள். பூ பூத்துக்கொண்டிருந்த செடி, பூப்பதை விட்டு மறுபடி இலை விடத் தொடங்கியிருந்தது.

"வெளிச்சம் குறையவில்லை அல்லவா? வசந்தம் திரும்ப வந்துவிட்டதென்று நினைத்துவிட்டார்கள்" என்றார் பென்ட். குறையாகச் சொல்லவில்லை. செடிகளின் அறியாமையைக் கண்டு சிரிப்பது போலச் சொன்னார். "இனி இவர்களால் பயனில்லை. இந்தக் குளிர்காலம் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடக்கால் என் கையில் துள்ளியது. மடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். அது அடங்க நேரமெடுத்தது.

ஆவணியில் தமிழ்ப் பூசைக்கு வெளியூரிலிருந்து ஒரு சுவாமி, அதாவது பாதிரியார், வந்திருந்தார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"சுவாமி, தெரியாமக் கஞ்சாச் செடியைத் தூக்கி வைச்சிட்டன்."

பல பாவங்களைக் கேட்டவராயினும் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்.

"தெரியாமச் செய்தது பாவமில்லைப் பிள்ளை. தெரிஞ்ச பிறகு என்ன செய்தனீர்?"

"நிப்பாட்டிட்டன் சுவாமி."

"நல்லது."

எப்படி நிப்பாட்டினேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, ஒரு மெழுகுதிரியும் கொளுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் கிழமையே எங்கள் குழுத் தலைவி மெட்டே என்னைக் கூப்பிட்டார். கோப்பி ஊற்றித் தந்தார். இங்கே கோப்பி ஊற்றித் தந்தால் ஏதோ பெரிய விடயம் என்று அர்த்தம்.

"பென்ட் தொலைபேசி எடுத்தார். உன் முதுகைப் பற்றி மிகவும் கவலைப்படுகிறார். காலுறை கழற்றக் குனிய வேண்டியிருக்கிறதாம். தனக்கு வேறு ஆளை அனுப்பி, உனக்கு இலகுவான வீடுகளைக் கொடுக்கச் சொன்னார். ஏன் எங்களிடம் சொல்லவில்லை, ஜெசிந்தா? நீங்கள் தமிழ்ப் பெண்கள் எல்லோருமே இப்படித்தான். விழும்வரை வேலை செய்வீர்கள்."

அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் முதுகு நன்றாக இருக்கிறது என்றால், பின் ஏன் அப்படிச் சொன்னாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பின்னால் அந்த மூன்று தொட்டிகளும் வரும். பென்ட்டைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் உண்மையில் பாதிதான். தலையாட்டினேன்.

பென்ட் என் பாதையிலிருந்து போனார். அலுவலகத்தில் குறிப்பெழுத எனக்கு உயரம் கூட்டிக் குறைக்கும் மேசை வந்தது. எப்படிக் குனிவது என்று காட்ட ஒரு பெண் வந்தார். கூட வேலை செய்பவர்கள் என் கையிலிருந்து பைகளைப் பறித்துக்கொண்டு "முதுகைப் பார்த்துக்கொள்" என்பார்கள். ஒன்பது ஆண்டுகளில் என்னிடம் இவ்வளவு பேர் இவ்வளவு அன்பாக நடந்ததில்லை. ஒவ்வொருவரையும் கண்டு ஒளிந்து திரிந்தேன்.

6

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை தமிழ்க் கடையில் அரிசி மலிவு. எங்கள் கார் திருத்தப் போயிருந்தது. இருபது கிலோச் சாக்கு ஒன்றை வாங்கி ட்ராமில் ஏற்றி வந்து, இறங்கியதும் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். கடற்கரையில் மீன்பெட்டி தூக்கி வளர்ந்தவளுக்கு அது பாரமில்லை. காற்று நன்றாக இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு மனம் கொஞ்சம் லேசாக நடந்தேன்.

"ஜெசிந்தா! முதுகு!"

பென்ட். முதியவர்கள் ஓட்டும் அந்த மின்சார வண்டியில் சைக்கிள் பாதையோரம் நின்றார். சாக்கைத் தூக்கித் தரையில் போட்டேன். முகத்தைச் சுளித்து இடுப்பில் கை வைத்தேன். அதை நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது.

"உனக்குப் பைத்தியமா? இங்கே வை" என்று தன் காலடியைக் காட்டினார். வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. சாக்கை அவருடைய கால் வைக்கும் தட்டில் வைத்தேன். அதற்குப் பிறகு காலுக்கு அங்கே இடமில்லை. ஒரு காலைக் கையால் தூக்கிச் சாக்கின் மேல் போட்டார். மற்றது வெளியே தொங்கியது. அப்படியே வண்டியை மெல்ல ஓட்டினார். நான் பக்கத்தில் கையை வீசிக்கொண்டு நடந்தேன். தெருவில் போனவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

வாசலில் வண்டியை நிறுத்தி, "மேலே கொண்டுபோக ஆள் இருக்கிறதா? இல்லாமல் நான் போகமாட்டேன்" என்றார். அன்ரனை அழைத்தேன். அவரோடு எங்கள் மகள் லீனாவும் இறங்கி வந்தாள். அவளுக்கு ஏழு வயது. தமிழ் விளங்கும், பதில் மட்டும் டேனிஷில் வரும்.

அன்ரன் வண்டியையும் சாக்கையும் என்னையும் பார்த்தார். "என்னப்பா இது கூத்து? ஒரு கையால தூக்கி மூண்டு மாடி ஏறுறனி, இதுக்குப் போய் வருத்தக்கார மனிசனை மறிச்சு வைச்சிருக்கிறாய்?"

பென்ட் லீனாவைப் பார்த்துச் சிரித்தார். "அப்பா என்ன சொல்கிறார்?"

எந்த மொழிபெயர்ப்பாளரும் இவ்வளவு திருத்தமாகச் செய்யமாட்டார். "அம்மா இதை ஒரு கையால் தூக்குவாளாம்" என்றாள், பெருமையோடு. பிறகு தன் பங்குக்கும் சேர்த்தாள். "என்னையும் சேர்த்துத் தூக்குவாள். நேற்றும் தூக்கினாள்."

பென்ட் சாக்கின் மேலிருந்த காலைக் கையால் எடுத்துக் கீழே வைத்தார். அன்ரன் சாக்கை இறக்கினார். பென்ட் எனக்குத் தலையசைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அவர் தெருமூலைக்குப் போவதற்குள் ஓடிப் போய் முன்னால் நின்றேன்.

"முதுகு வலி இல்லை பென்ட். அது என்ன செடி என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு பயந்துவிட்டேன். என் குடியுரிமை போய்விடும் என்று பயம்." சொல்ல வராத சொல் இரண்டு முறை வந்தது. இலக்கணம் எப்படி இருந்ததோ தெரியாது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

"நீ சொல்லியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டிருப்பேன்" என்றார். "அவன் தூக்கித் தந்திருப்பான். ஆனால் இப்படியான ஒன்றைப் பலரிடம் கேட்க முடியாதே. உன் முதுகு இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும்."

பிறகு வழிவிடச் சொல்லிக் கையைக் காட்டினார். விலகினேன்.

திங்கட்கிழமை காலையில் மெட்டேயிடம் போனேன். என் முதுகு சுகம், பாரமான வீடுகளைத் திருப்பித் தாருங்கள், பென்ட்டையும் கேட்டுப் பாருங்கள் என்றேன். மெட்டேக்கு ஒரே மகிழ்ச்சி. எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"பென்ட் எவ்வளவு சந்தோஷப்படுவார்! உன் முதுகு சரியாகிவிட்டதென்று அவருக்கு நான் சொல்லட்டுமா?"

"அவருக்குத் தெரியும்" என்றேன்.